நர்ஸ் நோட்ஸில் நான் எழுதிய மூன்று சொற்கள்

மனநல வார்டில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு அது. ஒரு நைட் டியூட்டி முடிகிற நேரத்தில், நர்ஸ் நோட்ஸில் ‘அட்டென்ஷன் சீக்கிங் பிஹேவியர்’, அதாவது கவனத்தை ஈர்க்கச் செய்யும் நடத்தை என்று எழுதி, அடுத்த ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைத்து ஓவர் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். எழுதியது இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவரைப் பற்றி. அட்டெண்டர் தங்க அனுமதியில்லாத பெண்கள் வார்டில் இருந்தவர். முந்தைய இரவு பதினொன்றரை மணிக்கு, வார்டு போனில் அம்மாவிடம் பேச வேண்டும் என்று கேட்டார். காலையில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் குளியலறையில் முன்கையைக் கீறிக்கொண்டு நின்றார். காயம் ஆழமில்லை. துடைத்துக் கட்டுப் போட்டேன், டியூட்டி டாக்டருக்குச் சொன்னேன், எழுதினேன். அந்த மூன்று சொற்களை எழுதப் பத்து நொடிகூட ஆகியிருக்காது.

காலை ஷிப்டுக்கு வந்தவர் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். மதியம் வந்தவர், “நைட்டு டிராமா பண்ணிச்சே, அந்தப் பொண்ணுதானே?” என்று கேட்டபடியே ஓவர் எடுத்தார். அந்தப் பெண் தண்ணீர் கேட்டால் தாமதமாயிற்று. அழுதால் யாரும் பக்கத்தில் போகவில்லை. போனால் அதுவே பழக்கமாகிவிடும் என்பது வார்டின் நியாயம். ஐந்தாம் நாள் மறுபடியும் கீறிக்கொண்டார், இம்முறை தையல் போடும் அளவுக்கு. தையலுக்கு அழைத்துப் போன இடத்தில், “வலிக்கும்னு தெரிஞ்சுதானே பண்ணினே, தாங்கிக்கோ” என்று சொல்லி, மரத்துப்போகும் ஊசி போடாமலே இரண்டு தையல் போட்டார்கள். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வாயைத் திறக்கவில்லை. தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு வருபவருக்கும் மற்ற எல்லாருக்கும் தருவதைப் போலவே வலி தெரியாமல் செய்யும் மருந்து தரப்பட வேண்டும் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2004-லேயே வழிகாட்டுதலில் எழுதி வைத்திருந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழிகாட்டுதல் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

இப்போது நான் நர்சிங் மாணவிகளுக்கு வார்டில் கிளினிக்கல் வகுப்பு எடுக்கிறேன். ஆளுமைக் கோளாறு (பர்சனாலிட்டி டிஸார்டர்) உள்ளவர்களை எப்படி மதிப்பீடு செய்வது, அவர்களுக்கும் குடும்பத்துக்கும் என்ன சொல்லிக் கொடுப்பது என்று பாடத்தில் இரண்டு பக்கம் இருக்கும். தேர்வுக்கு அது போதும். வார்டுக்குப் போதாத இடங்களை இங்கே எழுதுகிறேன். இதில் வருகிறவர்களின் வயது, ஊர், குடும்ப விவரம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

முதல் சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. தமிழில் ‘ஆளுமை’ என்பது புகழ்ச்சிச் சொல். இலக்கிய ஆளுமை, அரசியல் ஆளுமை என்று மேடையில் சொல்வோம். அதனோடு ‘கோளாறு’ சேர்ந்ததும், கேட்கிற தாய்க்கு அது ‘உங்கள் பெண்ணின் குணம் சரியில்லை’ என்றே காதில் விழுகிறது. “நாங்க வளர்த்த விதம் சரியில்லேங்கறீங்களா சிஸ்டர்?” என்று ஒரு தகப்பனார் எழுந்தே நின்றுவிட்டார். நாங்கள் அதிகம் பார்க்கும் வகையின் முழுப்பெயரோ இன்னும் மோசம்: எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு. “எந்த எல்லை சிஸ்டர், எதுக்கும் எதுக்கும் நடுவுல?” என்று ஒரு பெண் கேட்டார். நியாயமான கேள்வி. நியூரோசிஸ் என்று அன்று அழைக்கப்பட்ட, பதற்றம் போன்ற லேசான மனநோய்களுக்கும், நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் சைக்கோசிஸுக்கும் இடையில் நிற்பவர்கள் என்ற எண்ணத்தில், 1938-இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் எழுதியதிலிருந்து பரவிய பெயர் அது. அந்த எண்ணம் போய்விட்டது. பெயர் மட்டும் தங்கி, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்-3 வழியாக அதிகாரபூர்வமாகவும் ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-10 அதையே ‘உணர்ச்சி நிலையற்ற’ வகை என்று அழைத்தது. சொல்லிப் புரியவைக்க அதுதான் எளிது. 2022-இல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி-11, வகைகளையே பெரும்பாலும் கைவிட்டு, லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று தீவிரத்தை முதலில் பார்க்கச் சொல்கிறது. நர்ஸுக்கு இது வசதி. வகையைத் தீர்மானிப்பது நம் வேலையாக எப்போதும் இருந்ததில்லை. எவ்வளவு கஷ்டப்படுகிறார், எதில் கஷ்டப்படுகிறார் என்பதுதான் நம் பதிவேட்டில் வர வேண்டியது.

டி.எஸ்.எம்-5 பத்து வகைகளை மூன்று தொகுதிகளாகப் பிரிக்கிறது. மாணவிகள் அதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் பத்தில் பல வகையினர் ஆளுமைக் கோளாறுக்கென்று வார்டுக்கு வருவதே அரிது. சந்தேகப் பார்வையும் ஒதுங்குதலும் கொண்டவர்கள் நம்மைத் தேடி வர மாட்டார்கள். சமூக விரோத வகையினர் குடி, போதை, போலீஸ் என்ற வழியில் வருவார்கள். எல்லாம் வரிசையாக இருந்தே தீர வேண்டும் என்பவர்களை நாம் நல்ல ஊழியர் என்று பாராட்டிக்கொண்டிருப்போம். இந்த வகைகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஆளுமைக் கோளாறின் வரையறையிலேயே, அந்த மனிதர் வாழும் பண்பாட்டின் எதிர்பார்ப்பிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு விலகியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. இருபத்தைந்து வயதில் படிப்பையும் வேலையையும் திருமணத்தையும் அப்பாவைக் கேட்டே முடிவு செய்கிற பெண்ணைப் பார்த்து, ‘சார்பு ஆளுமை’ என்று ஒரு மாணவி கேஸ் ஸ்டடியில் எழுதினாள். “உன் கல்யாணத்தை யார் முடிவு பண்ணுவாங்க?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, எழுதியதை அடித்து நீக்கிவிட்டாள்.

மதிப்பீட்டில் இன்னொரு நிபந்தனை காலம். இன்று பார்த்து இன்றே சொல்லக்கூடிய நோய் இல்லை இது. இளம் வயதிலிருந்தே, வீடு, கல்லூரி, வேலை, நட்பு எனப் பல இடங்களிலும் ஒரே மாதிரித் தொடர்ந்து வரும் போக்கு இருக்க வேண்டும். அடிதடியில் கணவனைப் பிரிந்து வந்த வாரத்தில் எவருமே நிலையற்றுத்தான் இருப்பார்கள். ஆகவே பழைய கதையை அவரிடம் மட்டும் கேட்டால் போதாது. அம்மாவிடமும், முடிந்தால் தோழியிடமும், அவருடைய சம்மதத்தோடு கேட்க வேண்டும். சம்மதம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. அவர் நம்மிடம் சொன்ன காதல் விவகாரத்தை அம்மாவிடம் நல்லெண்ணத்தோடு போட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாள் அவர் நம்மோடு பேசவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

டாக்டர் பார்ப்பது ரவுண்ட்ஸில் பத்து நிமிடம். நாம் பார்ப்பது இருபத்து நான்கு மணி நேரம். இந்த வேறுபாடு எங்கே பயன்படும் என்றால், மனம் அளவுகடந்த உற்சாகத்துக்கும் (மேனியா) சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் பைபோலார் நோய் என்று சொல்லி அனுப்பப்பட்டு வருகிறவர்களிடம். மனநிலை மாறுகிறது என்பது இரண்டு நோய்க்கும் பொது. எவ்வளவு நேரத்தில் மாறுகிறது, எதனால் மாறுகிறது என்பதில்தான் பிரிவு. மேனியா என்று சொல்ல அந்த நிலை குறைந்தது ஒரு வாரம் நீடிக்க வேண்டும், லேசான ஹைப்போமேனியாவுக்கே நான்கு நாட்கள் வேண்டும். எல்லைக்கோட்டு வகையில் மாற்றம் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குத்தான். அதற்கு முன்னால் கிட்டத்தட்ட எப்போதும் ஒரு மனிதர் இருப்பார். போனை எடுக்காத நண்பர், பக்கத்துக் கட்டிலாளிடம் அதிக நேரம் பேசிய நர்ஸ், வருகிறேன் என்று சொல்லி வராத அம்மா. ஆகையால் ‘மூட் லேபைல்’ (மனநிலை சட்டென்று மாறுகிறது) என்று ஒரே வரியில் எழுதாமல், காலை பத்துக்கு எப்படி, பார்வையாளர் நேரத்துக்கு முன் எப்படி, பின் எப்படி, இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார், தூங்காவிட்டால் மறுநாள் சோர்ந்திருந்தாரா அல்லது தூக்கமே தேவைப்படாதவர்போல் இருந்தாரா என்று எழுதச் சொல்கிறேன். இப்படி எழுதிய ஐந்து நாள் குறிப்பைப் பார்த்துவிட்டு ஒருவருடைய நோயறிதலையே எங்கள் மருத்துவர் மறுபரிசீலனை செய்ததைக் கண்டிருக்கிறேன். மிகுந்த மன அழுத்தத்தில் சிலருக்குச் சற்று நேரம் யாரோ தனக்கு எதிராகச் சதி செய்வதுபோல் தோன்றும். சிலர் தன் உடம்புக்கு வெளியே நின்று தன்னைப் பார்ப்பதுபோல் வெறித்திருப்பார்கள். இவற்றையும் ரவுண்ட்ஸில் பிடிக்க முடியாது. இரவில் டார்ச்சோடு வார்டைச் சுற்றிவரும் நர்ஸ்தான் பிடிப்பார்.

கீறலைப் பற்றிக் கேட்பதுதான் மாணவிகளுக்கு மிகக் கஷ்டமாக இருக்கிறது. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். வராது, கேட்காவிட்டால்தான் அவர் அதோடு தனியாக இருக்க நேரிடும். மே மாத வெயிலில் முழுக்கைச் சுரிதார் போட்டு வருகிறவரிடம், பி.பி. பார்க்கும்போது கையை மடித்துவிட்டு, தழும்பைக் கண்டும் காணாததுபோல் கஃப்பைச் சுற்றிவிட்டு வருவது நாகரிகம் இல்லை. “இது எப்போ ஆனதும்மா?” என்று சாதாரணக் குரலில் கேட்கலாம். அதிர்ச்சியும் வேண்டாம், அய்யோ பாவமும் வேண்டாம். அதற்கடுத்து ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: “அந்த நேரத்துல செத்துடணும்னு தோணுச்சா, இல்ல அந்தத் தவிப்பு நின்னாப் போதும்னு தோணுச்சா?” பலர் இரண்டாவதைச் சொல்வார்கள். உள்ளே எதுவுமே உணராமல் மரத்துப் போயிருந்ததாகவும், ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் உயிரோடிருப்பது தெரிந்ததாகவும் ஒருவர் சொன்னார். இந்தப் பதிலை வைத்து, இவருக்குத் தற்கொலை அபாயம் இல்லை என்று மூடிவிடவும் கூடாது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம், வெவ்வேறு நாட்களில். இந்தக் கோளாறு உள்ளவர்களில் தற்கொலையால் இறப்போர் பொது மக்களைவிடப் பல மடங்கு அதிகம். ‘பத்துத் தடவை பண்ணினவ, பதினொண்ணாவது தடவையும் பண்ணுவா, ஒண்ணும் ஆகாது’ என்பது வார்டில் சொல்லக்கூடிய ஆபத்தான வாக்கியங்களில் ஒன்று. எண்ணம், திட்டம், கையில் கிடைக்கும் பொருள், முன்பு முயன்றது, குடி, இவற்றை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டாக வேண்டும்.

பிறகு அன்றைய நாளைப் பின்னோக்கி நடத்திப் பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததிலிருந்து என்ன நடந்தது, யார் என்ன சொன்னார், அப்போது உடம்பில் எங்கே என்ன செய்தது, என்ன நினைத்தார், எந்த நிமிடத்தில் முடிவு செய்தார், செய்த பிறகு யார் எப்படி நடந்துகொண்டார். மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சுவழிச் சிகிச்சையில் இதற்குச் சங்கிலிப் பகுப்பாய்வு என்று பெயர். வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த அவர், இளம்பெண்ணாக இருந்தபோது தானே தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மனநல மருத்துவமனையில் நெடுங்காலம் கிடந்தவர் என்பதை 2011-இல்தான் வெளிப்படையாகச் சொன்னார். நம் வார்டில் முழு டி.பி.டி. நடத்த ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஆனால் டிரஸ்ஸிங் செய்கிற கால் மணி நேரத்தில் சங்கிலியின் நான்கு கண்ணிகளையாவது கேட்டுவிடலாம்.

சிறுவயதில் நடந்தவற்றைக் கேட்கும்போது நிதானம் வேண்டும். எல்லாருக்கும் கொடுமை நடந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு முதல் நாளே தோண்டக் கூடாது. நடந்திருக்காது என்று எண்ணிக் கேட்காமலும் விடக்கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் பாலியல் கொடுமையைச் சொன்னால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிக்க வேண்டிய கடமை நமக்கு உண்டு. அதை அவர் சொல்லி முடித்த பிறகு சொல்வது ஏமாற்று; ரகசியம் எதுவரை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டார் சொல்லும் கதையும் எப்போதும் நேராக இருக்காது. ஏ.ஆர். என்ட்ரி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் பதிவது), போலீஸ் கேஸ் என்ற பயத்தில் “கண்ணாடி டம்ளர் உடைஞ்சு குத்திடுச்சு” என்பார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. இதை ஒரு தடவை விளக்கினால் டம்ளர் கதை பெரும்பாலும் மாறிவிடுகிறது.

இனி, பாடத்தில் சொல்லப்படாத மதிப்பீடு. அது நம்மை நாமே பார்த்துக்கொள்வது. 1957-இல் டாம் மெயின் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர், சில ‘சிறப்பு’ நோயாளிகளைச் சுற்றி ஒரு மருத்துவமனையின் நர்ஸ்கள் எப்படி இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டி, ஓய்ந்து போனார்கள் என்று எழுதினார். அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து எங்கள் நர்ஸ் அறையில் அப்படியே நடக்கிறது. “நீங்க மட்டும்தான் சிஸ்டர் என்னைப் புரிஞ்சுக்கறீங்க, அந்த நைட் சிஸ்டர் ராட்சசி” என்று ஒருவர் சொன்னால், கேட்கிற நமக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி எழும். எழுவதில் தவறில்லை, அதைக் கவனிக்காமல் விடுவதுதான் தவறு. மறுவாரம் ராட்சசி நாமாக இருப்போம். அவர் திட்டமிட்டு நம்மைப் பிரிக்கிறார் என்று கருதுவது எளிது. ஒருவர் ஒரே சமயத்தில் நல்லவராகவும் தன்னைக் கோபப்படுத்துபவராகவும் இருக்க முடியும் என்பதை அந்த நேரத்தில் அவரால் பிடித்துவைத்துக்கொள்ள முடிவதில்லை என்று பார்த்தால், நாம் செய்ய வேண்டியதும் தெளிவாகிறது: “அவங்க மேல உனக்குக் கோபம்னு தெரியுது. என்ன நடந்துச்சுன்னு அவங்களையும் வெச்சுக்கிட்டே பேசுவோமா?” என்று கேட்பது. போன் எத்தனை மணி வரை, தனியாகப் பேச எப்போது வரலாம், கீறிக்கொண்டால் என்ன நடக்கும், கீறத் தோன்றும்போது வந்து சொன்னால் என்ன கிடைக்கும் என்பவற்றை அவரோடு சேர்ந்தே எழுதி, மூன்று ஷிப்டும் ஒரே மாதிரி நடப்பது. இதில் கடைசி வரிதான் முக்கியம். காயத்துக்குப் பிறகு அரை மணி நேரமும் காயத்துக்கு முன் அரை நிமிடமும் கொடுக்கிற வார்டு, எதைச் செய்தால் கவனம் கிடைக்கும் என்று தானே கற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சொந்த போன் நம்பர் கொடுப்பதைப் பற்றி ஒவ்வொரு பேட்ச்சிலும் சண்டை வரும். கொடுக்கக் கூடாது என்பதே என் கட்சி. இரக்கம் குறைவு என்று என்னைச் சொன்னாலும் சரி. இரவு இரண்டு மணி வாட்ஸ்அப்புக்கு முதல் வாரம் பதில் போட்டு, மூன்றாம் வாரம் போனை அணைத்துவைக்கிற நர்ஸ், அந்த நோயாளியின் வாழ்க்கையில் ஏற்கெனவே பலர் செய்ததையே இன்னொரு தடவை செய்கிறார். அதே காரணத்தால் டிஸ்சார்ஜ் தேதியை முதல் வாரத்திலேயே பேச ஆரம்பிக்க வேண்டும். நர்ஸ், நோயாளி உறவுக்குத் தொடக்கம் இருப்பதுபோல் முடிவுக்கும் ஒரு கட்டம் உண்டு என்று நர்சிங் கோட்பாட்டாளர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-இலேயே எழுதியதை எல்லாரும் படித்திருக்கிறோம். ஆனால் பெட் தேவைப்படுகிறது என்று காலையில் சொல்லி மாலையில் அனுப்பிவிட்டு, அவர் வாசலில் மயங்கி விழுந்தால் நடிப்பு என்கிறோம்.

சொல்லிக் கொடுப்பதற்கு வருகிறேன். இதற்கு நேரம் பார்க்க வேண்டும். கொந்தளிப்பின் நடுவில் பாடம் நடத்தினால் அது திட்டாகவே கேட்கும். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, அமைதியாக இருக்கிற முற்பகலே ஏற்றது, அதுவும் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நோயின் பெயரைச் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். மருத்துவரோடு கலந்து, சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் கேஸ் ஷீட்டிலோ கூகுளிலோ தானாகப் படித்துவிடுவார், கூகுள் நம்மைவிடக் கடுமையாகச் சொல்லும். நான் இப்படிச் சொல்வது வழக்கம்: சிலருக்குப் பிறப்பிலேயே உணர்ச்சி சட்டென்று ஏறும், உச்சத்துக்குப் போகும், இறங்க நேரமாகும். அப்படிப்பட்ட குழந்தையிடம் சுற்றியிருப்பவர்கள் ‘இதுக்கெல்லாமா அழுவாங்க’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால், தான் உணர்வது சரியா தவறா என்றே அந்தக் குழந்தைக்குத் தெரியாமல் போகும். இரண்டும் சேர்ந்து வருவது இது. உன் தப்பு இல்லை. ஆனால் இதைக் கையாளக் கற்றுக்கொள்வது உன்னால்தான் முடியும், நாங்கள் கூட இருப்போம்.

இது மாறுமா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். மாறும். அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் மேரி ஜனரினியின் குழு, உள்நோயாளிகளாக இருந்த 290 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, 10 ஆண்டுகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது அறிகுறிகள் நோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லாத நிலையை எட்டினார்கள். வேலை, நட்பு எல்லாம் சேர்ந்த முழு மீட்சி பாதிப் பேருக்குத்தான் கிடைத்தது. இரண்டு எண்ணையும் சொல்கிறேன். முதலாவதை மட்டும் சொன்னால் அது ஆறுதல், கல்வி ஆகாது. மாத்திரையைப் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். ஆளுமையைச் சரிசெய்யும் மாத்திரை கிடையாது. கூட இருக்கும் மனச்சோர்வுக்கோ தூக்கமின்மைக்கோ தருகிறார்கள். அந்தத் தெளிவு இல்லாமல் வீட்டுக்குப் போனவர், மாத்திரை சாப்பிட்டும் கோபம் வருகிறதே என்று ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வருவார்.

பயிற்சிகளில் எங்கள் வார்டில் உடனே எடுபட்டது குளிர்ந்த நீர். மூச்சைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, குளிர்ந்த நீர் இருக்கும் பாத்திரத்தில் முகத்தை அரை நிமிடம் வைத்தால், நீரில் மூழ்கும்போது உடம்பு தானாகச் செய்வதுபோல் இதயத் துடிப்பு குறைகிறது. தவிப்பும் சற்று இறங்குகிறது. இதய நோய் உள்ளவர்களுக்கும், பட்டினி கிடந்து உடல் மெலிந்தவர்களுக்கும் இதைச் சொல்லக் கூடாது. ஐஸ் இல்லாத வீடுகள் உண்டு. மண்பானைத் தண்ணீர் போதும் என்று ஒரு பெண் சொன்னார், செய்தும் காட்டினார். மற்றது, அலை. அந்த உந்துதல் ஏறிக்கொண்டே போகாது, ஒரு கட்டத்தில் இறங்கும் என்பதை அவரே பார்க்க வேண்டும். பதினைந்து நிமிடம் தள்ளிப்போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்துக்கு எவ்வளவு என்று எழுதச் சொல்வோம். ஒன்பது, ஒன்பது, ஏழு என்று தன் கையெழுத்தில் பார்ப்பதற்கும் நாம் வாயால் சொல்வதற்கும் வேறுபாடு இருக்கிறது.

டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு பக்கப் பாதுகாப்புத் திட்டம் எழுதுவோம். பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வடிவமைத்தது, ஆறு படிகள். நெருக்கடி வரப்போவதை எதை வைத்து அறிவேன், நானே என்ன செய்துகொள்வேன், யாரோடு அல்லது எந்த இடத்தில் இருந்தால் மனம் வேறு பக்கம் போகும், யாரிடம் உதவி கேட்பேன், எந்த மருத்துவரை அல்லது எண்ணை அழைப்பேன், வீட்டில் எதை அப்புறப்படுத்துவேன். எழுதுவது அவர், நாம் எழுதித் தரக் கூடாது. ஐந்தாவது படியில் 14416 என்ற, அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண்ணை எழுதிவிட்டு, வார்டில் இருக்கும்போதே ஒரு தடவை அழைத்துப் பேசச் சொல்கிறோம், முதல் அழைப்பு நள்ளிரவில் தனியாக இருக்கும்போது நடக்க வேண்டாம் என்பதற்காக. ஒருவர் நான்காவது படியில் என் பெயரை எழுதியிருந்தார். அதை அடித்து நீக்கச் சொல்லவில்லை. ஐந்தாவதில் வார்டு எண்ணாக அதை மாற்றி, நான்காவதுக்கு வேறு யார் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்து அத்தை மகளின் பெயரை எழுதினார். அவரிடம் இதைச் சொல்லியிருக்கிறாயா என்று கேட்டதும் பேனாவை வைத்துவிட்டார். அந்தப் பேச்சு மட்டும் இரண்டு நாள் நடந்தது.

ஆறாவது படிக்குக் குடும்பம் வேண்டும். பூச்சிமருந்து, எலிமருந்து, தாத்தாவின் மிச்ச மாத்திரை எல்லாம் எங்கே இருக்கின்றன என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுவாகக் கேட்டால் ‘எங்க வீட்டுல அதெல்லாம் இல்லீங்க’ என்றுதான் வரும். விவசாயக் குடும்பம் என்றால் மோட்டார் ரூமைக் கேட்க வேண்டும். ஒரு வாரத்து மாத்திரைக்கு மேல் கையில் கொடுக்க வேண்டாம் என்பதை டாக்டரிடமும் நினைவூட்ட வேண்டும்.

குடும்பத்துக்குச் சொல்வதில் பாதி, சொல்லக் கூடாதவை. ‘நடிக்காதே’, ‘செய்றதுன்னா செஞ்சுக்கோ’, ‘உன்னாலதான் அப்பாவுக்கு பி.பி.’ ஆகியவை முதல் மூன்று. உணர்வை ஒப்புக்கொள்வது வேறு, செயலை ஒப்புக்கொள்வது வேறு என்பதை ஒரு அம்மாவுக்கு விளக்க நான் சிரமப்பட்டுக்கொண்டிருந்தபோது, அவரே, “காய்ச்சல்ல குழந்தை அனத்துனா, அனத்தாதேன்னு அடிப்போமா சிஸ்டர்? அதுக்காக அது கேக்குற ஐஸ்கிரீமையும் குடுக்க மாட்டோம்” என்றார். அன்றிலிருந்து அதைத்தான் எல்லா அம்மாக்களிடமும் சொல்கிறேன். அந்த அம்மாவுக்கே மூன்று வருடமாகச் சரியான தூக்கம் இல்லை. மகள் அறையின் தாழ்ப்பாள் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்து பழகியிருந்தார். அவருக்கு பி.பி. பார்த்து, அவருக்கு மாற்றாகச் சற்று நேரம் யார் மகளோடு இருப்பார் என்று கேட்டதும் அந்த நாளின் கல்விதான். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடுமா என்ற கேள்வி கிட்டத்தட்ட ஒவ்வொரு குடும்பத்திலும் வரும். கைவிடப்படுவோமோ என்ற பயமே நோயின் மையமாக இருக்கிறவருக்கு, முன்பின் தெரியாத வீட்டில் முன்பின் தெரியாத மனிதரை மருந்தாகக் கொடுப்பதாக நினைத்துப் பாருங்கள் என்பேன். கோயிலுக்குப் போவதை நான் தடுப்பதில்லை. மந்திரிக்கிறேன் என்று அடிப்பவர்களிடம் மட்டும் வேண்டாம் என்று சொல்வேன்.

முதலில் சொன்ன பெண்ணை டிஸ்சார்ஜுக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பார்வையாளர் பதிவேட்டைப் பல நாள் கழித்து வேறு காரணத்துக்காகப் புரட்டியபோது, அன்று மாலை அவர் அம்மா வரவில்லை என்பது தெரிந்தது. அந்த இரவின் குறிப்பைத் திருத்தி எழுதி, அதை ஒவ்வொரு புதிய பேட்ச்சுக்கும் முதல் நாள் கொடுக்கிறேன்:

“மாலை பார்வையாளர் நேரத்தில் அம்மா வரவில்லை. இரவு உணவு பாதிதான் சாப்பிட்டார். 11.30: அம்மாவிடம் போனில் பேச அனுமதி கேட்டார். மறுக்கப்பட்டது, காரணம் விளக்கப்படவில்லை. 11.40 முதல் கட்டிலுக்கும் வராந்தாவுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். யாரும் அருகில் சென்று பேசவில்லை. 12.05: இடது முன்கையில் மேலோட்டமான மூன்று கீறல்கள். சுத்தம் செய்து கட்டுப் போடப்பட்டது. டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. சாகும் எண்ணம் இருந்ததா என்று கேட்கப்படவில்லை.”